ஒல்லிப் பாப்பாவிலிருந்து தொடங்குவோம்

திருப்பூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "மகனுக்கு 8 வயது. உயரம் 128 சென்டிமீட்டர், எடை 36 கிலோ. நாலு வயதில் இவனும் ஒல்லிதான். தேறவே மாட்டேன் என்கிறானே என்று டானிக், சத்து மாவு, ஹெல்த் டிரிங்க் எல்லாம் கொடுத்துத் தேற்றினோம். இப்போது ஓடினால் மூச்சு வாங்குகிறது, பள்ளியில் கேலி செய்கிறார்கள். எடையை எப்படிக் குறைப்பது? இன்னொன்றும் கேட்க வேண்டும். சின்னவளுக்கு 4 வயது, 100 சென்டிமீட்டர், 14.5 கிலோ. சாப்பிடவே மாட்டாள். அவளுக்குச் சதை பிடிக்க என்ன கொடுக்கலாம்?"

இருபது வருடத்துக்கும் மேலாகக் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். இந்த இரண்டு கேள்வியும் ஒரே தாயிடமிருந்து, ஒரே மூச்சில் வருவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். உங்கள் மகனைப் பற்றிக் கட்டாயம் பேசுவோம். ஆனால் பாப்பாவிலிருந்து தொடங்குகிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் அவனைப் பார்த்தும் நீங்கள் இதே கவலைதான் பட்டிருக்கிறீர்கள். அந்தக் கவலையிலிருந்துதான் இன்றைய கவலை முளைத்திருக்கிறது.

பாப்பாவின் எடையை மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், 14.5 வருகிறது. நாலு வயதுப் பெண் குழந்தைக்கு இது முழுக்க முழுக்கச் சரியான அளவு. அவளுக்குச் சதை பிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

பிறந்த முதல் வருடத்தில் குழந்தை 6 கிலோவுக்கு மேல் எடை ஏறுகிறது. அதன் பிறகு வருடத்துக்கு 2 கிலோவைச் சுற்றித்தான் ஏறும். வளர்ச்சியின் வேகம் இப்படிக் குறையும்போது பசியும் கூடவே குறைய வேண்டும், குறைகிறது. அப்போதுதான் வீட்டில் பதற்றம் தொடங்குகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது கொழுகொழுவென்று இருந்த பிள்ளை இரண்டு வயதுக்கு மேல் நெடுநெடுவென்று நீள்கிறது, கன்னம் வற்றுகிறது, விலா எலும்பு தெரிகிறது. ஐந்து, ஆறு வயது வரை உடம்பு இப்படி மெலிந்துகொண்டே போவது இயற்கை. அந்த வயதில்தான் பிஎம்ஐ தன் அடிமட்டத்தைத் தொட்டு மறுபடி மெதுவாக மேலே ஏறத் தொடங்கும். அந்த ஏற்றம் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடும் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் உடல் பருமன் வரும் வாய்ப்பு அதிகம் என்று குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் சொல்கின்றன.

நம் வீடுகளில் நடப்பது என்ன? எந்த வயதில் பிள்ளை ஒல்லியாக இருக்க வேண்டுமோ, சரியாக அந்த வயதில் "பிரைமரி காம்ப்ளெக்ஸா (குழந்தைகளுக்கு வரும் காசநோய்) இருக்குமோ", "பூச்சி இருக்குமோ" என்று ஆரம்பித்து, பசி எடுக்க ஒரு டானிக், அதற்கு மேல் ஒரு பவுடர், கையில் மொபைலைக் கொடுத்து வாயில் நாலு பிடி கூடுதல் சோறு. தாயின் மேல் பழி சொல்ல இதை எழுதவில்லை. "புள்ளய இப்படி வாட விட்டிருக்கியே" என்று ஊரே கேட்கும்போது எந்தத் தாயால் சும்மா இருக்க முடியும்? ஆனால் பிறக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் ஒரு திறமை இருக்கிறது. வயிறு நிறைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் திறமை. மொபைல் திரையைப் பார்த்தபடி வாய் திறக்கும் பிள்ளைக்கு வயிறு சொல்வது கேட்பதில்லை. வருடக்கணக்கில் இப்படி ஊட்டினால் அந்தத் திறமை மழுங்கிவிடும். அப்புறம் எட்டு வயதில் "போதும்னே சொல்ல மாட்டேங்கிறான்" என்று கவலைப்படுகிறோம்.

ஆகவே பாப்பாவுக்கு நான் சொல்லும் முறை இதுதான். என்ன சமைப்பது, எத்தனை மணிக்குத் தருவது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, இவை மூன்றும் உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவள் பொறுப்பு. ஒன்றரை இட்லி போதும் என்றால் ஒன்றரைதான். "இன்னும் ஒரே ஒரு வாய்" வேண்டாம். ஆனால் தட்டை ஒதுக்கிவிட்டு அரை மணி நேரத்தில் பிஸ்கட் கேட்டால் அதுவும் கிடையாது, அடுத்த வேளைதான். இரண்டு வேளைக்கும் நடுவில் இரண்டரை, மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருக்கட்டும். அவள் ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள் என்பதையும் கணக்குப் பாருங்கள். "சாப்பிடவே மாட்டேன் என்கிறாள்" என்று அழைத்து வரப்படும் குழந்தைகளில் பலர் முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் பால் குடிப்பவர்கள். பாலே வயிற்றை அடைத்துவிடுகிறது. பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு என்பதால் இரத்தச்சோகை வந்து, உள்ள பசியும் போய்விடும். 400 மில்லி போதும். அதை டம்ளரில் குடிக்கட்டும், பாட்டிலை நிறுத்துங்கள்.

இந்த இடத்தில் வேறொரு விஷயமும் சொல்ல வேண்டும். "குழந்தை கொஞ்சம் பூசினாற்போல இருந்தால்தான் என்ன" என்று கேட்பார்கள். நம் உடல்வாகுக்கு அது கூடாது. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைவாக இருந்தும், தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது தசைதான். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு விகிதம் அதிகம். இப்படிப் பிறந்த உடம்பின் மேல் வேகமாக எடையை ஏற்றினால் சர்க்கரை நோய்க்கு நாமே வழி போட்டுக்கொடுத்தது போல ஆகும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் எச்சரிக்கைக் கோடுகளைக் கீழே இறக்கி வரைந்திருப்பதும் இதனால்தான். வெளிநாட்டில் பெரியவர்களுக்குப் பிஎம்ஐ 25 என்றால் அதிக எடை, 30 என்றால் உடல் பருமன் என்று வைத்திருக்கும் எல்லைகளுக்குப் பதிலாக 23, 27 என்ற எல்லைகளுக்கு ஈடான கோடுகளைப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்துகிறோம்.

சரி, மகனுக்கு வருவோம்.

அவனுடைய பிஎம்ஐ 22. பெரியவர்களுக்கு இது நல்ல எண்தான். எட்டு வயதில் இது உடல் பருமன் கோட்டுக்கு மேலே இருக்கிறது. "வளர்ந்தால் தானாக வற்றிவிடும்" என்று நீங்கள் காத்திருக்காமல் கேட்டது நல்லது. இன்று இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு டேப்பை எடுத்து இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள். உயரத்தில் பாதிக்குள், அதாவது அவனுக்கு 64 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அடுத்து அவன் பிடரியைப் பாருங்கள். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்த கறுப்பு படர்ந்திருக்கிறதா? அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையின் தோலைப் புண்ணாக்கிக் கூட்டிவரும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அது அழுக்கில்லை. இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படவில்லை என்பதற்கான அறிகுறி. எடை கட்டுக்குள் வந்தால் அதுவும் மெல்ல வெளுக்கும்.

தைராய்டாக இருக்குமோ என்று எல்லோரும் கேட்பார்கள். தைராய்டு குறைந்தால் குழந்தையின் உயரமும் நின்றுவிடும். குண்டாகவும் இருந்து, வயதுக்குத் தகுந்த உயரத்தோடு வளர்ந்துகொண்டும் இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் சுரப்பிக் கோளாறு எதுவும் இருக்காது. உங்கள் மகனின் உயரம் வயதுக்கு ஏற்றதாகவே இருக்கிறது. இருந்தாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் அளவுகளைப் பார்த்துவிடுவது நல்லது.

எடையைக் குறைப்பது எப்படி என்று கேட்டீர்கள். குறைக்க வேண்டாம், பிடித்து நிறுத்தினால் போதும். வளரும் பிள்ளைக்கு இருக்கும் வசதி இது, நமக்கெல்லாம் கிடையாது. அவன் வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் உயர்வான். பத்து வயதில் 140 சென்டிமீட்டரைத் தொடும்போது எடை 38 கிலோவாக இருந்தால் பிஎம்ஐ 19.4 ஆகிவிடும். உடல் பருமன் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுவான். இரண்டு வருடத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. பட்டினி, டயட் சார்ட், இராத்திரி சாப்பாட்டை நிறுத்துவது எதுவும் வேண்டாம். பட்டினி போட்ட பிள்ளை ஒளித்து வைத்துச் சாப்பிடக் கற்றுக்கொள்ளும்.

முதலில் கை வைக்க வேண்டியது டம்ளரில். சோற்றைக் குறைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். நான் குடிப்பதிலிருந்து தொடங்குவேன், ஏனென்றால் குடிக்கும் சர்க்கரை வயிற்றை நிறைப்பதில்லை. ஒரு தேக்கரண்டி சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். காலையும் மாலையும் ஒரு டம்ளர் பால், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 16 கிராம். அதன் மேல் போடும் மால்ட் பவுடரிலும் சர்க்கரை இருக்கிறது. பள்ளி விட்டு வரும்போது வாங்கும் மாம்பழ ஜூஸ் பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் 100 மில்லிக்கு 10 முதல் 15 கிராம் வரை போட்டிருக்கும். 200 மில்லி பாக்கெட்டில் 20 முதல் 30 கிராம். நாளுக்குச் சுமார் 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு 40 கிராம், அதை 20 கிராமாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. இந்தக் கணக்கில் பிஸ்கட்டும் சாக்லெட்டும் இன்னும் வரவே இல்லை. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் போட்டாலும் இதே கணக்குதான். வீட்டில் பிழிந்த ஜூஸும் அப்படியே. பழத்தைக் கடித்துத் தின்னட்டும்.

ஹெல்த் டிரிங்க் என்ற பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு இதைச் சுட்டிக்காட்டி, அந்தப் பிரிவிலிருந்து இப்படிப்பட்ட பானங்களை எடுக்கச் சொன்னது. வளர்வதற்குப் பவுடர் தேவையில்லை. பாலில் கொஞ்சம் மஞ்சள் அல்லது ஏலக்காய், சர்க்கரை வாரம் வாரம் அரைத் தேக்கரண்டி குறைவாக. பத்தே வாரத்தில் நாக்கு பழகிவிடும். ஒரே நாளில் நிறுத்தினால் வீட்டில் போர்தான் மூளும்.

சாப்பாட்டில் எதையும் தடை செய்யச் சொல்ல மாட்டேன். இட்லி, தோசை, சோறு எல்லாம் இருக்கட்டும், தட்டின் கணக்கு மட்டும் மாறட்டும். இப்போது முக்கால் தட்டு சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி பொரியலும் இருக்கும். பாதித் தட்டு காயும் கீரையும், கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ என்று மாற்றுங்கள். முதலில் காயும் பருப்பும் தட்டுக்கு வரட்டும், சோறு பின்னால் வரட்டும். புரதம் போதாத பிள்ளைக்குத்தான் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே மறுபடி கை டப்பாவைத் தேடும். காலை நேரத்தில் இரண்டு தோசையை அவசரமாக விழுங்கிவிட்டு வேனுக்கு ஓடுகிற பிள்ளைக்கு ஒரு வேகவைத்த முட்டையைச் சேர்த்துப் பாருங்கள். பதினோரு மணிக்குப் பசிக்கிறது என்ற புகார் குறைந்துவிடும்.

ஒரு நாளில் மிக முக்கியமான நேரம் எது என்று கேட்டால் மாலை நாலரை மணி என்பேன். பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அகோரப் பசியோடு சமையலறைக்குள் நுழையும் அந்தப் பத்து நிமிடம். அப்போது கண்ணில் படுவதைத்தான் சாப்பிடுவான். முறுக்கு டின் கண்ணில் பட்டால் முறுக்கு, பேக்கரி பப்ஸ் கண்ணில் பட்டால் பப்ஸ். அந்த நேரத்துக்கு ஒரு கிண்ணம் சுண்டல், அவித்த நிலக்கடலை, சோளக்கதிர், பனங்கிழங்கு, கொய்யா, தாளித்த மோர் என்று எது கிடைக்கிறதோ அது மேசை மேல் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. வேலைக்குப் போகும் தாயால் தினமும் இது முடியாது என்று எனக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு முறை கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், தாளிக்க ஐந்து நிமிடம் போதும். சிப்ஸ் பாக்கெட்டை ஒளித்து வைக்காதீர்கள். வீட்டுக்குள் வாங்கி வந்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும். கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தீபாவளிக்கு அதிரசம் தின்னட்டும், கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் தின்னட்டும், மாதம் ஒருநாள் குடும்பமாகப் போய்ப் பரோட்டா சாப்பிடலாம். சிக்கல் வருவது "ஹோம்வொர்க் முடிச்சா சாக்லெட்" என்ற பேரத்தில்தான். அந்தப் பேரத்தில் சாக்லெட் பரிசாகிவிடுகிறது, கீரை தண்டனையாகிவிடுகிறது. பரிசு தர வேண்டுமென்றால் அவனோடு அரை மணி நேரம் பந்து விளையாடுங்கள்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய ஆதங்கம் இருக்கிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாளுக்குக் குறைந்தது 60 நிமிடம் உடம்பு வியர்க்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் பிள்ளைகளுக்கு எங்கே அந்த 60 நிமிடம்? வேனில் போய் வேனில் வருகிறார்கள். பிடி பீரியட் வாரத்துக்கு இரண்டு இருந்தால், பரீட்சை நெருங்கியதும் அதைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். மாலையில் டியூஷன், அபாகஸ், இந்தி வகுப்பு. நொண்டியும் கிட்டிப்புள்ளும் விளையாடிய தெருவில் இப்போது பைக்குகள் நிற்கின்றன. என் மகள் படித்த பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். இன்றும் அது மனதை விட்டுப் போகவில்லை. ஆனாலும் அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுந்து கேட்டேன். நீங்களும் கேளுங்கள். தனியாகக் கேட்டால் உட்கார வைப்பார்கள், பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் பிடி பீரியட் திரும்பி வரும்.

எடை கூடிய பிள்ளையை நேராகக் கிரிக்கெட் கோச்சிங்கில் சேர்த்துவிடாதீர்கள். ஓட முடியாமல் கடைசியில் நிற்பான், கேலி செய்வார்கள், மறுநாள் வயிற்று வலி என்பான். முதல் மூன்று மாதம் யாரோடும் போட்டி இல்லாத விளையாட்டாக இருக்கட்டும். நீச்சல் கிடைத்தால் மிக நல்லது, தண்ணீரில் எடையின் பாரம் மூட்டுகளுக்குத் தெரியாது. சைக்கிள், மொட்டைமாடியில் கயிறு தாண்டுவது, அப்பாவோடு கடை வரை நடை. தண்ணீர்க் குடம் தூக்குவதும் துணி காயப்போடுவதும்கூட உடற்பயிற்சிதான், ஆண் பிள்ளை என்று விட்டுவிடாதீர்கள். 60 நிமிடமும் ஒரே மூச்சில் வேண்டியதில்லை, நாலு பதினைந்து நிமிடமாக இருந்தாலும் கணக்கில் சேரும்.

தூக்கத்தை யாரும் எடைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 6 முதல் 12 வயது வரை 9லிருந்து 12 மணி நேரம் தூங்க வேண்டும். காலை ஆறரைக்கு எழுப்புகிறீர்கள் என்றால் இரவு ஒன்பதரைக்குள் கண் மூடியிருக்க வேண்டும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் தேடுவது அதனால்தான். உங்கள் வீட்டில் சீரியல் முடிந்துதான் சாப்பாடு என்றால் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவாருங்கள். படுக்கையறையில் மொபைல் வேண்டாம், பெரியவர்களுடையதும் வேண்டாம்.

மாமியாரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் இருக்கும். அவர்கள் காலத்தில் பசி என்பது உண்மையான பயம். பிள்ளை தட்டைக் காலி செய்வதுதான் அவர்களுக்கு நிம்மதி. சண்டை போடாமல் ஒருமுறை அவர்களையும் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், வளர்ச்சி அட்டவணையில் பேரன் எந்தக் கோட்டில் நிற்கிறான், பேத்தி எந்தக் கோட்டில் நிற்கிறாள் என்று மருத்துவர் விரல் வைத்துக் காட்டட்டும். அவர்களுக்குத் தெரிந்த கம்பங்கூழ், கேழ்வரகு அடை, கொள்ளு ரசம் எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். ஊட்டும் ஆசைக்கு ஒரு வழி வேண்டுமே.

வீட்டில் ஒரே சமையல் இருக்கட்டும். அண்ணனுக்குச் சுண்டல், தங்கைக்கு மட்டும் நெய்யும் பவுடரும் என்று பிரித்தீர்களானால் அவன் மனம் நொந்துவிடும், அவளும் அதே பாதையில் போவாள். "குண்டா" என்று செல்லமாகக்கூட யாரும் கூப்பிட வேண்டாம், மாமாவாக இருந்தாலும் தடுத்துவிடுங்கள். எடை மெஷினில் தினமும் ஏற்றாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை, இடுப்பு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும், அதையும் அவன் எதிரில் பேச வேண்டாம்.

பள்ளி வாசலைப் பற்றி ஒரு தகவல். பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இலேயே விதி போட்டிருக்கிறது. 2025இல் சிபிஎஸ்இ தன் பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்கச் சொன்னது. பெற்றோர் கூட்டத்தில் கேட்க இவை உங்களுக்கு உதவும்.

இரவில் சத்தமாகக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நிற்பது போலத் திணறினால், அடிக்கடி தண்ணீர் தாகமும் சிறுநீரும் இருந்தால், இடுப்பு அல்லது முழங்கால் வலித்து நொண்டினால், உயரம் ஏறாமல் எடை மட்டும் ஏறினால், மூன்று மாதம் காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஓடும்போது மட்டும்தானா, படுத்திருக்கும்போதும் இருக்கிறதா, கூடவே இருமல் வருகிறதா என்று கவனித்து வையுங்கள். ஆஸ்துமாவா என்று பார்க்க மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் அவைதான்.